கச்சேரிப் பதிவுகளை ராகம்வாரியாக அடுக்குவது எப்படி?

ஆனந்தபைரவியில் சியாமா சாஸ்திரியின் ‘மரிவேரே கதி’ இருக்கிறது. லதாங்கியில் பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் ‘மரிவேரே திக்கெவ்வரு’ இருக்கிறது. ஷண்முகப்பிரியாவிலும் அவருடைய ‘மரிவேரே திக்கெவரய்யா’ உண்டு. மூன்றுமே ‘03 மரிவேரே’ என்ற பெயரில் கணினியில் கிடந்தால், ஆனந்தபைரவி கேட்க உட்கார்ந்தவருக்கு லதாங்கி கிடைக்கும்.

பாடல் கேட்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் பாடகர், ஆல்பம், பாட்டு என்ற மூன்றை வைத்தே எழுதப்பட்டவை. கச்சேரி ரசிகர் தேடுவது வேறு: என்ன ராகம், யாருடைய கிருதி, வயலின் யார், மிருதங்கம் யார். இந்தக் கேள்விகளுக்குக் கணினி பதில் சொல்லும்படி பதிவுகளை அமைப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சேர்த்து வைத்திருக்கும் பழைய கேசட் பதிவுகள் முழுவதையும் இந்த முறையில்தான் அடுக்கியிருக்கிறேன். கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும் வேலையை நீங்கள் முடித்துவிட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

1. மூலத்தைத் தொடாதீர்கள்

ஏற்றிய கோப்புகளை ‘மூலம்’ என்ற ஃபோல்டரில் அப்படியே வைத்து, இன்னொரு பிரதியில் வேலை செய்யுங்கள். கேசட்டிலிருந்து ஏற்றியவற்றை ஃபிளாக் வடிவத்தில் வைப்பது நல்லது. தரம் குறையாது, வேவ் கோப்பைப் போல இடத்தையும் அடைக்காது. ஏற்கெனவே எம்பி3 ஆக வந்தவற்றை ஃபிளாக்காக மாற்ற வேண்டாம். இழந்த ஒலி திரும்பாது, கோப்பு மட்டும்தான் பெருக்கும்.

2. ஃபோல்டர்

பிரதான வித்வான் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் கச்சேரிக்கு ஒன்று. பெயரில் ஆண்டு முதலில் வரட்டும்: ‘1966-10 நியூயார்க் ஐ.நா. சபை’ என்பது போல. இப்படி எழுதினால் கால வரிசை தானாக அமையும். தேதி தெரியாவிட்டால் ‘தேதியில்லை’ என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதும் ஆண்டு, பிரதி எடுக்கும் ஒவ்வொருவர் வழியாகவும் பரவி, கடைசியில் உண்மையாகவே நிலைத்துவிடுகிறது.

3. உருப்படிகளாகப் பிரித்தல்

ஒலிக்கோப்பைத் திருத்தும் ஆடாசிட்டி மென்பொருள் போதும். வெட்ட வேண்டிய இடத்தில் கண்ட்ரோல்-பி (B) அழுத்தி அடையாளம் வைத்து, உருப்படியின் பெயரை எழுதி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே ஏற்றுமதியில் தனித்தனிக் கோப்புகளாக எடுத்துவிடலாம்.

எங்கே வெட்டுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆலாபனை, வயலின் ஆலாபனை, கிருதி, நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம் எல்லாம் சேர்ந்தது ஒரே உருப்படி; அதற்கு ஒரே கோப்பு. ஆலாபனையைத் தனியே வெட்டினால், கோப்புகளைக் கலைத்துப்போட்டு ஒலிக்கவிடும்போது பைரவி ஆலாபனை முடிந்ததும், கச்சேரிக் கடைசியில் பாடும் சிறு பாட்டான துக்கடா ஒன்று வந்து நிற்கும். தனி ஆவர்த்தனம் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்பதைக் குறிப்பில் எழுதி வைத்தால் போதும், மிருதங்கம் பயில்கிறவர்கள் நேரே அங்கே போய்க்கொள்வார்கள்.

சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். ராகம் தானம் பல்லவி பெரும்பாலும் நடுவில் அறுந்திருக்கும். இரண்டு பக்கங்களையும் ஒரே கோப்பாக இணைத்து, ஒட்டுமிடத்தில் இரண்டு விநாடி மௌனம் விடுங்கள். இடையில் சில ஆவர்த்தனங்கள் இல்லை என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டும்.

4. விவரங்களை நிரப்புதல்

கோப்புக்குள் பாட்டின் விவரங்களை எழுத, விண்டோஸில் எம்பி3டேக் மென்பொருளையே பரிந்துரைப்பேன். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு கிட்3 இருக்கிறது. மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்ட் நல்ல மென்பொருள்தான், ஆனால் வெளியான ஆல்பங்களுக்கு உரியது. வீட்டில் பதிவான கச்சேரியைக் கொடுத்தால் பெயர் ஒத்துப்போகும் வேறு எதையாவது கொண்டுவந்து பொருத்தும்.

‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ கட்டத்தில் பிரதான வித்வான் பெயர் மட்டும் இருக்கட்டும். ‘ஆர்ட்டிஸ்ட்’ கட்டத்தில் பக்கவாத்தியக்காரர்களையும் சேர்க்கலாம். முதல் கட்டத்தைக் காலியாக விட்டால் சில மென்பொருள்கள் ஒரே கச்சேரியை நான்கு ஆல்பங்களாக உடைத்துக் காட்டும். ‘கம்போசர்’ என்பது பாட்டை இயற்றிய வாக்கேயக்காரருக்கு. ‘டைட்டில்’ கட்டத்தில் பல்லவியின் முதல் சொற்கள், கோடு, ராகம், கோடு, தாளம்.

ராகத்துக்கென்று தனிக் கட்டம் உருவாக்கலாம். எம்பி3டேக்கில் ஆல்ட்-டி (T) அழுத்தினால் அதற்கான இடம் வரும். கணினியில் பாட்டுக் கேட்க உதவும் ஃபூபார்2000 அதைப் படித்து ராகம்வாரியாக வரிசைப்படுத்தும். ஆனால் கைபேசிச் செயலிகளில் பல அதைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே இசை வகையைக் குறிக்கும் ‘ஜான்ரா’ கட்டத்திலும் ராகத்தையே எழுதுகிறேன். எல்லாக் கோப்பிலும் ‘கர்நாடக சங்கீதம்’ என்று எழுதி ஆகப்போவது என்ன? அங்கே ராகப் பெயர் இருந்தால் எந்தச் செயலியிலும் தோடியைத் தொட்டதும் எல்லாத் தோடியும் வரிசையாக நிற்கின்றன.

5. ஒரே ராகம் இரண்டாக நிற்பது

அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். விவரங்களை எல்லாம் நிரப்பிய பிறகும் பட்டியலில் ஸ்ரீராகம் இரண்டு முறை நின்றது. ‘எந்தரோ மஹானுபாவுலு’ பதிவுகளில் பாதி ஒன்றில், மீதி மற்றொன்றில். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் வித்தியாசமே தெரியவில்லை.

காரணம் யூனிகோடில் இருக்கிறது. ஸ்ரீ, ஶ்ரீ இரண்டும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரியும். முதலாவது ‘ஸ’ வழியாக எழுதப்பட்டது. இரண்டாவது, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ வழியாக. விசைப்பலகைக்கு விசைப்பலகை எது வருகிறது என்பது மாறும். நமக்கு ஒரே எழுத்து, கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். ஸ்ரீரஞ்சனிக்கும் இதே கதிதான். ‘தோடி’யிலும் இது உண்டு. ‘தோ’ என்பதை ஒரே குறியீட்டுடனும் எழுதலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே ஒட்டியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே.

தீர்வு: ராகப் பெயர்களை ஒரு விரிதாளில் ஒருமுறை எழுதிவைத்து, எப்போதும் அங்கிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். ஏற்கெனவே கலந்துபோனவற்றுக்கு, எம்பி3டேக்கில் ‘ஜான்ரா’ நெடுவரிசையை வரிசைப்படுத்துங்கள். ஒரே பெயர் இரு இடங்களில் தென்பட்டால், ஒரு தொகுதி முழுவதையும் தேர்ந்தெடுத்து, விரிதாளில் உள்ள பெயரை ஒரே தடவையில் ஒட்டிச் சேமியுங்கள்.

விரிதாளில் இன்னொரு நெடுவரிசையும் வேண்டும், மாற்றுப் பெயர்களுக்காக. பந்துவராளி, காமவர்த்தனி என்று இரு பெயர்களிலும் வருவதை ஒன்றின் கீழ் கொண்டுவாருங்கள். சுபபந்துவராளி வேறு ராகம், அதைச் சேர்த்துவிட வேண்டாம். தீக்ஷிதர் சம்பிரதாயத்தில் ‘சித்தி விநாயகம்’ சாமர ராகம். நான் அதை ஷண்முகப்பிரியாவில் வைத்து, சாமரம் என்பதைக் குறிப்பில் எழுதுகிறேன். அந்தப் பெயரை அழிக்க எனக்கு மனமில்லை.

6. சுருதி சரியா?

கேசட் வேகமாக ஓடியிருந்தால் சுருதி ஏறியிருக்கும். வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். 1 கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடியதுபோல் ஒலிக்கும். வயதோடு சுருதி இறங்குவதும் இயல்பு என்பதால் சுருதியை மட்டும் நம்ப முடியாது. அறிவிப்பாளரின் குரல் கீச்சென்று இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவின்போது மின்சார ரீங்காரம் புகுந்திருந்தால் அது நல்ல சாட்சி. நம் நாட்டில் அது சற்று முன்பின்னாக 50 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டியின் அலைவரிசைப் படத்தில் அது 53இல் நின்றால் வேகம் கூடியிருக்கிறது. திருத்தும்போது வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே மாற்றுங்கள். சுருதியை மட்டும் இறக்கினால் பாட்டின் வேகமான காலப்பிரமாணம் தவறாகவே நின்றுவிடும்.

7. எதை வைத்துக்கொள்வது?

ஒரே கச்சேரி மூன்று பிரதிகளாக வந்தால், இரைச்சல் குறைந்த பிரதி சிறந்தது என்று நினைக்க வேண்டாம். இரைச்சல் நீக்கும் வசதியை அதிகமாகப் பயன்படுத்திய பிரதியில் தம்புரா மங்கிவிடும், மிருதங்கத்தின் சாப்பு அட்டையில் தட்டியதுபோல் ஆகும். இரைச்சலோடு இருந்தாலும் தம்புரா தொடர்ந்து கேட்கும் பிரதியையே வைத்திருப்பேன்.

ஒரே வித்வான் ஒரே கிருதியைப் பல முறை பாடியிருந்தால் எதையும் அழிக்காதீர்கள், நட்சத்திரக் குறி இடுங்கள். மதுரை மணி ஐயரின் ‘கபாலி’ எத்தனை பதிவில் இருந்தாலும், ஒவ்வொன்றிலும் மோகன ஸ்வரங்கள் வேறு வழியில் போகும். கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே கிடைத்த காலத்துப் பதிவுகளையும் ஒதுக்க வேண்டாம். புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர் முதலில் அந்தச் சிறு தட்டையும், பிறகு அதே ராகத்தில் ஒரு முழுக் கச்சேரிப் பதிவையும் கேட்டால், ராகம் விரிகிற விதம் பிடிபடும்.

பின்சேர்க்கை

கார் ஸ்டீரியோவில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை, கோப்பில் குறை ஏதும் இல்லை. காருக்கென்று எம்பி3 பிரதி ஒன்று எடுத்து, அதில் மட்டும் ஆங்கில எழுத்தில் பெயரிடுங்கள். எம்பி3டேக்கில் ‘டைட்டில்’ கட்டத்தை மட்டும் மாற்றினால் சில கருவிகள் கோப்பின் பெயரையே காட்டும் என்பதால், கோப்பின் பெயரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.