சாரல் எட்டும் ஊரும் எட்டாத ஊரும்: வீட்டுத் தோட்டத்துக்கு மரம் தேர்ந்தெடுக்கும் முறை

செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் புது வீடு கட்டுபவர்கள் பால் காய்ச்சிய கையோடு மரக்கன்று வாங்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஆரியங்காவு வழியாகச் சிறு லாரிகளில் வந்திறங்கும் கேரளத்துக் கன்றுகள் பைக்குள்ளேயே பூத்து நின்று கண்ணைப் பறிப்பதால், விலையைத் தவிர வேறு எதையும் கேட்கத் தோன்றுவதில்லை. ஆனால் மலைக்கு மேற்கே ஈரக்காற்றில் வளர்ந்த கன்று சுரண்டையின் செம்மண்ணிலோ சங்கரன்கோவிலின் கரிசலிலோ அதே செழிப்போடு நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே முதலில் இடத்தை அறிந்துகொண்டு, அந்த இடத்துக்கு உரிய மரத்தை அதன் பிறகு தேடுவதே முறையாகும்.

இந்த வட்டாரத்தில் இடத்தை அறிவது என்பது, சாரல் நம் வீடு வரை எட்டுகிறதா என்று பார்ப்பதில்தான் தொடங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து கணவாயாக விரியும் இந்தப் பகுதியில், ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து புளியரை, செங்கோட்டை, பண்பொழி, குற்றாலம் ஆகிய ஊர்களை நனைக்கிறது. தென்காசியைத் தாண்டிக் கிழக்கே போகப் போகச் சாரல் மெலிந்து, ஆலங்குளத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் வெறும் காற்றாகவே போய்ச் சேர்கிறது. அங்கே மரத்துக்குக் கிடைக்கும் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழைதான். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இரண்டு வேறு நாடுகள் என்று சொல்லத்தக்க அளவுக்கு மரங்களின் தேவை மாறிவிடுகிறது.

அடுத்ததாக, மண்ணில் தண்ணீர் நிற்குமா வடியுமா என்று பார்க்க வேண்டும். மரம் வைக்க நினைக்கும் இடத்தில் இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டி மாலையில் தண்ணீரை நிரப்பிவிட்டு மறுநாள் காலையில் பார்த்தால் போதும். குழி வற்றியிருந்தால் கவலையில்லை. பாதித் தண்ணீர் அப்படியே நின்றால், அது வயலை மேடாக்கிய மனையாகவோ களிமண் அடுக்கு உள்ள மனையாகவோ இருக்கக்கூடும். அங்கே சரக்கொன்றை, செண்பகம் போன்ற வடிகால் கேட்கும் மரங்களை வைக்கக்கூடாது. தெருவிலும் கோயில் நந்தவனத்திலும் ஓடைக்கரையிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே நிற்கும் முதிய மரங்கள் எவை என்று கவனிப்பதும் நல்லது. மண் பரிசோதனை அறிக்கையைவிட அந்த மரங்களின் சாட்சியத்தையே நான் அதிகம் நம்புவேன்.

காற்றும் வீடும்

ஆனி, ஆடி மாதங்களில் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. பங்குனி, சித்திரையில் வீட்டைச் சுட்டெரிக்கும் மாலை வெயிலும் மேற்கிலிருந்துதான் வருகிறது. நிழல் மிகவும் தேவைப்படும் பக்கமும், மரம் முறிந்தால் நேராக வீட்டின்மேல் விழக்கூடிய பக்கமும் ஒன்றாகவே அமைந்துவிடுவதுதான் இந்த வட்டாரத்துத் தோட்டக்காரருக்கு உள்ள சிக்கல். மேற்குப் பக்கத்தை வெறுமையாக விடுவது இதற்குத் தீர்வாகாது. காற்றைத் தாங்கும் மரத்தை, அதன் முதிர்ந்த உயரத்தைக் கணக்கிட்டுத் தள்ளி வைப்பதே தீர்வு.

குல்மோகர் இந்தப் பக்கத்துக்கு ஆகாத மரம். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த அந்த மரம் கோடையில் நெருப்பாய்ப் பூப்பது உண்மைதான் என்றாலும், அதன் கிளைகள் எளிதில் முறியக்கூடியவை, வேர்களும் மேலாகவே பரவுபவை. மஞ்சளாய்ப் பூக்கும் இயல்வாகையும் காற்றில் கிளையொடியும் மரமே. அதோடு இரண்டுக்குமே இலைகள் பொடிப்பொடியாக உதிர்ந்து ஓட்டு வீட்டில் இரு கூரைச் சரிவுகள் சேரும் கூடுவாயை அடைத்துக்கொள்ளும். சாரல் காலத்தில் கூடுவாய் அடைத்தால் தண்ணீர் எங்கே இறங்கும் என்பது ஓட்டு வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். மரமல்லி என்றும் பன்னீர்ப்பூ மரம் என்றும் சொல்லப்படும் நெடுமரம் மணத்துக்காக வைக்கத் தகுந்ததே ஆனாலும், பெருங்காற்றில் சாய்வதில் முன்னால் நிற்பது. காலி நிலம் நிறைய உள்ளவர்கள் வீட்டிலிருந்து எட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மேற்குப் பக்கத்துக்கு என் தேர்வு புன்னை, அதற்கடுத்து மகிழம். புன்னை கடலோரக் காற்றுக்குப் பழகிய மரம். தடித்த பளபளப்பான இலைகள், அடர்ந்த தழை, கொத்தாக வெள்ளைப் பூக்கள், நல்ல மணம் என்று அழகு மரத்துக்கு வேண்டிய எல்லாம் அதற்கு உண்டு. உருண்டைக் காய்களை வௌவால்கள் தூக்கிவந்து முற்றத்தில் போடும் என்பதைத் தவிர அதன்மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மகிழம் மெதுவாக வளர்வது. ஆனால் வளர்ந்துவிட்டால் ஆண்டு முழுவதும் இலையுதிராத குடைபோல நிற்கும். விடியற்காலையில் கீழே கொட்டிக் கிடக்கும் பூக்கள் காய்ந்த பின்னும் மணம் விடாது.

இடைவெளியைப் பொறுத்தவரை, பவளமல்லி போன்ற சிறு மரத்துக்குச் சுவரிலிருந்து எட்டடி, மகிழம், கொன்றை போன்ற நடுத்தர மரத்துக்குப் பதினைந்தடி, புன்னை, வேம்பு, மருது போன்ற பெருமரத்துக்கு முப்பதடி என்று வைத்துக்கொள்ளலாம். ஆல், அரசு, அத்தி ஆகியவற்றை வீடு, கிணறு, கழிவுநீர்த் தொட்டி ஆகிய மூன்றின் அருகிலும் வைக்கக்கூடாது. மின்கம்பி செல்லும் பக்கத்தில் சிறு மரத்துக்கு மேல் எதையும் வைக்கக்கூடாது. பக்கத்து மனை தென்னந்தோப்பாக இருந்தால், எல்லையோரத்துப் பெருமரத்தின் நிழல் அவருடைய காய்ப்பைக் குறைக்கும் என்பதையும் நினைத்துப் பார்ப்பது அண்டை உறவுக்கு நல்லது.

எந்த ஊருக்கு எந்த மரம்

சாரல் எட்டும் ஊர்களில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அசோக மரம் அவர்களுக்கு உரியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் இயற்கையாக வளரும் இந்த மரம் ஈரத்தையும், இளமையில் சற்று நிழலையும் விரும்புகிறது. செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும் தளிர்களும், தண்டிலும் கிளையிலும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு ஆரஞ்சிலிருந்து சிவப்புக்கு மாறும் பூக்களும் வேறு மரத்தில் காணக் கிடைக்காதவை. மருந்துக்காகப் பட்டையை உரித்து உரித்துக் காடுகளில் இது அருகிவிட்டதால், வீட்டுத் தோட்டத்தில் ஒன்றை வளர்ப்பது அழகுக்கு மட்டுமல்லாமல் மரத்துக்கும் செய்யும் நன்மையாகும். ஆனால் நர்சரியில் 'அசோகா' என்று கேட்டால், பெரும்பாலும் ஊசிபோல உயர்ந்து நிற்கும் நெட்டிலிங்கத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இலையைப் பார்த்தால் ஏமாற வேண்டியதில்லை: நெட்டிலிங்கத்தில் ஓரம் அலையலையாக நெளிந்த தனித்தனி இலைகள் இருக்கும், உண்மையான அசோகத்தில் ஒரே காம்பின் இருபுறமும் நெளிவில்லாத சிற்றிலைகள் நான்கைந்து இணையாக அமைந்திருக்கும்.

பூமருதும் ஈரம் விரும்பும் மரமே. கோடையில் ஊதா நிறத்தில் கிளைநுனிகளெல்லாம் பூத்து நிற்கும் அதை மலையாளத்து நர்சரிக்காரர்கள் மணிமருது என்பார்கள். செண்பகத்தை விதைக்கன்றாக வாங்கினால் பூவுக்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். ஒட்டுக்கன்றாக வாங்கினால் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பூக்கும், மரமும் அடக்கமாக இருக்கும். கடம்பு வேகமாக வளர்ந்து வானத்தைத் தொடுவது; ஐந்து சென்ட் மனைக்குள் அதைக் கொண்டுவர வேண்டாம்.

சாரல் எட்டாத ஊர்களுக்கு வேம்பு, புங்கம், பூவரசு, சரக்கொன்றை ஆகியவை போதும் என்று சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். இவை தெருவோரத்து மரங்கள்தானே என்ற எண்ணம் இருக்கிறது. கொளுத்தும் கோடையில் புங்கத்தின் இளந்தளிரைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். மாசி வாக்கில் இலையை உதிர்த்து, வெயில் ஏறும்போது பச்சைப் பசேலென்று தளிர்த்துக்கொண்டு நிழல் கொடுக்கும் மரம் அது. அதன் இலைகளில் வெள்ளைக் கோடுகளும் விரல்போன்ற சிறு முண்டுகளும் தோன்றுவதைக் கண்டு பலர் மருந்தடிக்க ஓடுகிறார்கள். அவை சிறு புழுவும் சிலந்திப்பேனும் செய்யும் வேலை, மரத்தை ஒன்றும் செய்துவிடாது.

சரக்கொன்றை, தண்ணீர் தேங்காத இடமானால் இரு பக்கத்துக்கும் பொருந்தும். சித்திரை விஷுவுக்குக் கனி காண இந்தப் பூ இல்லாமல் நம் வட்டாரத்தில் பல வீடுகளில் முடியாது. ஆனாலும் இதை நிழலுக்காக வைப்பவர்கள் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். பூப்பதற்கு முன் சில வாரங்கள் இது இலையின்றி நிற்கும்; பூத்து முடிந்த பின் முழ நீளக் கருங்காய்கள் மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் இதன் தளிரில் முட்டையிடுவதால் சில நாள்களுக்குப் புழுக்கள் இலையைத் தின்னும். புழுவைக் கொன்றால் வண்ணத்துப்பூச்சி இல்லை. மரம் தானாகவே மறுபடி தளிர்த்துவிடும்.

கொன்றையின் பெயரில் இன்னொரு மரமும் கைமாறுகிறது. தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, இன்று வயநாட்டுக் காடுகளிலும் முதுமலையிலும் பரவி மற்றச் செடிகளை வளரவிடாமல் செய்யும் மஞ்சள் கொன்றை அது. சரக்கொன்றையின் பூங்கொத்து சரமாகக் கீழே தொங்கும். இதன் கொத்து கிளைநுனியில் நிமிர்ந்து நிற்கும். பூ இல்லாத கன்றில், சரக்கொன்றைக்கு அகன்ற சிற்றிலைகள் சில இணைகளே இருக்கும், மற்றதற்குக் குறுகிய சிற்றிலைகள் நெருக்கமாகப் பல இணைகள் இருக்கும். மலையடிவாரத்தில் குடியிருக்கும் நாம் இதை வைத்தால் விதை காட்டுக்குள் போய்ச் சேர அதிக தூரமில்லை. வேலிக்காக விற்கப்படும் கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரத்தையும் தவிர்த்துவிடலாம். குஜராத் அரசு 2023இல் அதை நடுவதற்கே தடை விதித்துவிட்டது.

அயல்நாட்டு மரமே கூடாது என்பது என் கருத்தன்று. சிவன் கோயில்களில் போற்றப்படும் நாகலிங்கமும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். பீரங்கிக் குண்டளவு காய் விழும் இடத்தில் நடைபாதையும் கார் நிறுத்துமிடமும் இல்லாதவரை அதைத் தாராளமாக வளர்க்கலாம். இடம் மிகக் குறைவாக உள்ளவர்கள் பவளமல்லியோடும் வெள்ளை மந்தாரையோடும் நிறுத்திக்கொள்வது நல்லது. சந்தனக்கன்று வைக்க ஆசைப்படுவோர், பிற்பாடு அதை வெட்ட வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

கன்று வாங்குதலும் நடுதலும்

ஆளுயரக் கன்றைச் சிறு பையில் பார்த்தால் ஒதுக்கிவிடுங்கள். அதன் வேர் பைக்குள்ளேயே சுருண்டு சுருண்டு இறுகியிருக்கும், நட்ட பிறகும் அந்தச் சுருளிலிருந்து விடுபடாமல், சில ஆண்டுகள் கழித்து ஒரு காற்றில் வேரோடு சாய்ந்துவிடும். இரண்டு மூன்றடி உயரம், குச்சியின் துணையில்லாமல் தானே நிற்கும் தண்டு, முறியாத நுனி, பைக்கு அடியில் தரையில் இறங்காத வேர், இவையே நல்ல கன்றின் அடையாளங்கள். மலைக்கு மேற்கிலிருந்து வந்த கன்றை உடனே நடாமல் இரண்டு வாரமாவது நம் வெயிலில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

சாரல் ஊர்களில் ஆனியிலேயே நடும் வழக்கம் இருக்கிறது. ஈரம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் காற்று இளங்கன்றை ஓயாமல் ஆட்டி வேர் பிடிக்கவிடாது. புரட்டாசி இறுதியில் காற்று அடங்கிய பின் நட்டால், ஐப்பசி, கார்த்திகை மழை இரு பக்கத்து ஊர்களுக்கும் உதவும்.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் அதே அளவு. எடுத்த மண்ணோடு மக்கிய தொழுவுரத்தையும், கரையான் தொல்லை உள்ள இடமானால் இரண்டு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கையும் கலந்து குழியை நிரப்ப வேண்டும். பையைக் கிழித்தெடுத்த பின், பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம் தரையோடு சேருமாறு வைக்க வேண்டும். தண்டை மண்ணுக்குள் புதைத்தால் பட்டை அழுகும். மேற்கே ஒன்றும் கிழக்கே ஒன்றுமாக இரண்டு கழிகளை ஊன்றி, பழைய துணியால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்ட வேண்டும். கன்று சற்றே ஆட வேண்டும், அப்போதுதான் தண்டு தடிக்கும். ஓராண்டு கழிந்ததும் கழிகளைப் பிடுங்கிவிட வேண்டும். பூவரசும் மந்தாரையும் ஆட்டுக்குப் பிடித்த தழை என்பதால் தெருவோரத்தில் முள்ளடைப்பு இல்லாமல் அவற்றை விடக்கூடாது.

வட்டப்பாத்தி கட்டி, தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் கீழே இருக்குமாறு பரப்பினால் ஈரம் காயாது. மட்டை தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். தினமும் ஒரு குவளை ஊற்றுவதைவிட, மழையில்லாத காலத்தில் வாரம் இருமுறை இரண்டு குடம் ஊற்றுவது வேரை ஆழத்துக்கு இழுக்கும். இரண்டு கோடைகளைத் தாண்டிவிட்டால் புங்கமும் வேம்பும் புன்னையும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். அசோகத்துக்கும் செண்பகத்துக்கும் கோடைத் தண்ணீர் தொடர்ந்து தேவைப்படும். மூன்றாம் ஆண்டிலிருந்து வைகாசிக்குள், அதாவது காற்று எழுவதற்கு முன்பே, ஒரே இடத்திலிருந்து கவட்டையாகப் பிரியும் இரு தலைக்கிளைகளில் மெலிந்ததை அறுத்துவிட வேண்டும்; முதிர்ந்த மரம் பிளப்பது பெரும்பாலும் அந்தக் கவட்டையில்தான்.