இதயம் நின்று பிழைத்தவர் வீட்டுக்குப் போகும்போது

மூன்று வருடம் முன்பு ஒரு காலையில் என் இதயம் நின்றது. மனைவி நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள், 108 வந்து ஷாக் கொடுத்தார்கள், பிழைத்தேன். இப்போது என்னைப் போலப் பிழைத்தவர்களின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் நான் செய்த தவறுகளையே செய்கிறார்கள். ரொம்ப நேரம் உட்காராதே, சத்தமாகப் பேசாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாமல் போகிறவை இவை.

"அட்டாக்தானே, என்ன சாப்பிட்டீங்க?"

மாரடைப்பு என்பது ரத்தக்குழாய் அடைப்பு. இதயம் திடீரென்று நிற்பது பெரும்பாலும் அதன் மின்துடிப்பு தாறுமாறாவதால். அடைப்பாலும் அது வரலாம், அடைப்பே இல்லாமலும் வரலாம். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் இதயம் நின்று விழுந்த டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சனுக்கு வயது 29. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், தன்மேல்தான் தப்பு என்று பிழைத்தவர் நினைத்துக்கொள்வார்.

உங்கள் மாத்திரைக் கதை

வேண்டாம். அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

அழுத்தியவரைக் கவனிக்காமல் விடுவது

முதல் வருடம் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த அண்ணனோடு இரண்டு மணி நேரம் பேச்சு. இதயத் துடிப்பு தாறுமாறானால் தானே ஷாக் கொடுக்க நெஞ்சில் வைத்த ஐசிடி கருவி, சட்டைப் பையில் போன் வைக்கக் கூடாது, இப்படி. அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு அடுப்படி வாசலிலேயே நின்றார். நான் செருப்பு மாட்டும்போது மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அழுத்தும்போது மளுக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. நான்தான் எலும்பை ஒடிச்சிட்டேனா?"

"அதான் பிழைச்சுட்டாரே அக்கா, இனி என்ன கவலை" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ராத்திரி முழுக்க அந்த அக்கா கணவரின் மூக்கருகே கை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டியதாயிற்று.

அன்று வாசலிலேயே சொல்லியிருக்கலாம்: "5 சென்டிமீட்டராவது உள்ளே போகணும் அக்கா, நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல. சரியா அழுத்தினாலே விலா எலும்பு ஒடியலாம். நீங்க சரியாத்தான் செஞ்சீங்க." ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பிழைத்தவருக்கு அந்த நாள் பெரும்பாலும் ஞாபகத்திலேயே இருக்காது. எனக்குக் காலையில் பல் தேய்த்தது, அப்புறம் ஐசியுவின் கூரை. நடுவில் நடந்தது அத்தனையும் பக்கத்தில் இருந்தவர் தலையில் இருக்கிறது. 2020இல் அமெரிக்க இதயச் சங்கம் தன் வழிகாட்டுதல்களில் 'மீட்சி' என்பதையும் ஒரு கட்டமாகச் சேர்த்தது. பயமும் மனச்சோர்வும் இருக்கிறதா என்று கவனிப்பவர்களையும் பார்க்கச் சொல்கிறது. ஆனால் போன மாதம்கூட ஒரு புதியவர் என் கண்ணெதிரே அதே "பிழைச்சுட்டாரே"வைச் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறதியைச் சோம்பல் என்பது

மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் இருந்த நிமிடங்களின் மிச்சம் அது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறப்பார், சாயங்காலத்துக்குள் ஓய்ந்துவிடுவார், சட்டென்று கோபப்படுவார். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லுங்கள்.

ஐசிடி ஷாக் அடித்தால்

ஒரு முறை அடித்து உடம்பு நன்றாக இருந்தால் அன்றே டாக்டருக்குப் போன். இரண்டாவது அடித்தாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ 108.

தனியாகப் போவது

அந்த அக்காவின் விஷயம் தெரிந்த அன்று ராத்திரிதான், என் மனைவியிடம் அந்தக் காலையைப் பற்றி முதல்முறையாகக் கேட்டேன். விடிய விடியச் சொன்னாள். இப்போது அவளும் கூட வருகிறாள். வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக அடுப்படிக்குப் போய்விடுவாள்.