ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டியில் பெயர் எழுதாதீர்கள்

ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால், ஊருக்கு டிக்கெட் போடும் முன் நாள் பாருங்கள். நம் சிங்கப்பூர் ஜூன் விடுமுறையில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். ஊர்ப் பிள்ளைகள் சாயங்காலம்தான் கையில் கிடைப்பார்கள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்துமஸை ஒட்டி ஒரு வாரம்போலச் சேர்ந்து விளையாடலாம். போன டிசம்பரில் இதையெல்லாம் சரியாகக் கணக்குப் போட்டுத்தான் லால்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனோம். கணக்குத் தப்பியது வேறு இடத்தில்.

தேக்கா கடைத்தெருவில் பாசிமணி கோத்துக் கைவளை செய்யும் பெட்டிகள் 14 வாங்கினேன், ஊர்ப் பிள்ளைகளுக்கும் என் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து. நான் பெயர் சொல்லச் சொல்ல மகள் ஒவ்வொன்றிலும் எழுதினாள். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொடுத்து முடித்தபோது இரண்டு பேர் வெறுங்கையோடு நின்றார்கள். சித்தப்பாவின் மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகள். மதுரையில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரோடு வந்து மூன்று வருடமாம்.

என் பிள்ளைகளின் பெட்டிகளை நீட்டினேன். சித்தப்பா வாங்கவிடவில்லை. "அடுத்த புள்ளை பேரு எழுதின பொட்டி எதுக்குப்பா? இவங்களுக்கும் அதே பொட்டி வேணும், இவங்க பேரு எழுதி." சாக்லேட், பணம், எதற்கும் மனிதர் மசியவில்லை. மறுநாள் காலையில் பஸ் ஏறி, திருச்சி சின்னக்கடை வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். மணி கிலோக்கணக்கில் கிடைத்தது, நூலும் கிடைத்தது. அந்த இளஞ்சிவப்புப் பெட்டி மட்டும் இல்லை. "பொட்டியவா சார் கையில கட்டிக்கப் போறாங்க?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார். அவரைக் கையோடு ஊருக்கு அழைத்துப் போயிருக்கலாம். அதற்கு மறுநாள் தெப்பக்குளத்தைச் சுற்றி அலைந்தேன். கடைசியில் செருப்புப் பெட்டிக்குக் கலர்த்தாள் ஒட்டி, மணியை நிரப்பி, பெயர் எழுதிக் கொடுத்தேன். சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிங்கப்பூர் பொட்டி இல்லையே" என்றார். இருந்ததே ஆறு நாள். அதில் இரண்டு நாள் இப்படிப் போனது. எரிச்சல்தான், இன்னும் இருக்கிறது. ஆனால் அப்பா இறந்தபோது நான் விமானம் பிடித்து வரும்வரை எல்லாக் காரியத்தையும் நின்று பார்த்தவர் அவர். அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அதனால், தலை எண்ணிக் கொடுக்க வேண்டிய எதுவும் வேண்டாம். ரப்பர் பேண்டு அரைக் கிலோ போதும். சரமாகக் கோத்தால் நம் 'ஸீரோ பாயிண்ட்' ஆட்டம்: இருவர் பிடித்துக்கொள்ள, கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏற ஏற மற்றவர்கள் தாண்டுவார்கள். இருபது பேர் வந்தாலும் சரம் ஒன்றுதான்.

சொட்டாங்கல்லில் முதல் நாள் நம் பிள்ளைகள் தோற்பார்கள், விட்டுவிடுங்கள். நாம் கல்லுக்குப் பதிலாக வைத்து ஆடும், அரிசி அடைத்த முக்கோணத் துணிப்பை விழுந்த இடத்தில் கிடக்கும். நிஜக் கல் உருண்டு ஓடும். மூன்றாம் நாள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தத் துணிப்பை தைக்கக் கற்றுக்கொடுத்தாள் மகள். பழைய துணி, ஊசிநூல், ஒரு பிடி அரிசி, அவ்வளவுதான். கத்தரிக்கோலைக் கைப்பையில் வைக்காதீர்கள். சூட்டுப் பசைத் துப்பாக்கி எதற்கு? நம் சதுரமுள் பிளக் அங்கே நுழையாது.

பல்லாங்குழியைப் பாட்டிகளிடம் விட்டுவிடுங்கள். சொங்காக் என்ற மலாய்ப் பல்லாங்குழி ஆடிப் பழகிய பிள்ளைகள் ஓரத்தில் பெரிய குழியைத் தேடுவார்கள். நம் பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாக 14 குழிதான். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு', அள்ளிக்கொள்ளலாம். நான் திருச்சியில் அலைந்த இரண்டு மத்தியானமும் அம்மா என் மகனோடு ஆடியிருக்கிறார். புளியங்கொட்டை எண்ணுவதில் கொஞ்சம் ஏமாற்றுவாராம். கிளம்பும் நாள் பலகையைத் துடைத்து நீட்டினார். "எடுத்துட்டுப் போங்க, இங்க யாரு ஆடறா?" எடை கூடிவிடும் என்று சொல்லி விட்டுவந்தேன். 14 பெட்டிகள் வந்த இடம் பையில் காலியாகத்தான் இருந்தது.