வேப் கையில் இருக்கிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் இங்கே சிங்கப்பூரில் அக்கா வீட்டில் மருமகனின் பள்ளிப்பையை நகர்த்தி வைக்கும்போது ஒரு வேப், அதாவது மின்சிகரெட், கீழே விழுந்தது. பார்க்க ஹைலைட்டர் பேனா மாதிரி இருக்கிறது, மூக்கருகே கொண்டுபோனால் மாம்பழ மிட்டாய் வாசம். அவன் மறைக்கவில்லை. "விட்டுடறேன் மாமா, கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான், முப்பது வெள்ளிக்கு அவன்கிட்டயே தள்ளிடறேன்" என்றான். எனக்குப் பகீரென்றது.

இருப்பதிலேயே பெரிய தவறு அதுதான். வைத்திருப்பது ஒரு குற்றம், அதை இன்னொருவனுக்கு விற்றால் அது வேறு குற்றம், தண்டனையும் வேறு. 2025 செப்டம்பர் 1 முதல் அபராதம் உயர்ந்தபோது, முதல் முறை பிடிபடும் 18 வயதுக்குட்பட்டவருக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மற்றவர்களுக்கு 700 வெள்ளி. விற்றவருக்கோ அப்போது முதல் முறையே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று இருந்தது. டெலிகிராமில் கடை விரித்தவனுக்குத்தான் இது என்று நினைக்காதீர்கள், நண்பனிடம் ஒன்றே ஒன்றைக் காசுக்குக் கொடுத்தாலும் அது விற்பனைதான்.

"இதில் நிக்கோடின் இல்லை, வெறும் வாசனைதான்" என்கிறார்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் 2018 பிப்ரவரி 1 முதல் வாங்குவது, வைத்திருப்பது, பிடிப்பது எல்லாமே சட்டவிரோதம். சிகரெட்டுக்கு 21 வயது என்று ஒரு கணக்கு உண்டு, வேப்புக்கு எந்த வயதிலும் அனுமதி கிடையாது.

அப்புறம், உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. கேபாட் என்று கைமாறும் வேப்பில் எட்டோமிடேட் கலந்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் ஊசி வழியாகக் கொடுக்கும் மயக்க மருந்து அது, நுரையீரலுக்குள் இழுப்பதற்கானது அல்ல. அதே செப்டம்பரில் அதை 'சி' வகைப் போதைப்பொருளாக அறிவித்தார்கள். அதைக் கடத்தி வந்தால் மூன்று ஆண்டிலிருந்து இருபது ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. நண்பன் கொடுத்துவிட்ட பொட்டலத்தை உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடி வழியாகத் தூக்கி வரும் தம்பிகளே, மலேசியாவில் கடையில் வாங்கியது என்ற பதில் இங்கே செல்லாது. வேலை அனுமதியில் இருப்பவர்கள் மறுபடியும் மறுபடியும் சிக்கினால் அனுமதி ரத்தாகி ஊருக்கே அனுப்பப்படலாம். கடனை வாங்கி இங்கே வந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட அடி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குட்காவும் கைனியும்கூட இங்கே தடைதான், ஊரிலிருந்து வருபவர்கள் பையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பயத்தில் ஒளித்து வைப்பதும் தவறு. தானாகப் போய் உதவி கேட்பவர்மேல் அபராதமோ குற்றப்பதிவோ இல்லை. பல பெற்றோருக்கு இது தெரியாததால்தான் வீட்டுக்குள்ளேயே அடித்து முடித்துவிடுகிறார்கள், பையனும் அடுத்ததை இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொள்கிறான். சில சமூக மன்றங்களில் வேப் போடுவதற்கென்றே தொட்டி வைத்தார்கள். மருமகனை அங்கேதான் கூட்டிப்போனேன். போட்டுவிட்டு வெளியே வந்தவன், "அம்மாகிட்ட நானே சொல்றேன் மாமா" என்றான்.