பழ ஈயில் ஆண், பெண் பிரிப்பது எப்படி: மலையகக் குளிருக்கு ஏற்ற முறை

பழ ஈ முட்டையிலிருந்து ஈயாக 10 நாள் என்று படித்திருப்பீர்கள். அது 25 பாகை செல்சியசுக்கான கணக்கு. நுவரெலியாவிலோ ஹட்டனிலோ போத்தல் 18 பாகையில் இருந்தால் 19, 20 நாளாகும். பத்தாம் நாள் ஈயைக் காணோமென்று போத்தலைக் கழுவிவிடாதீர்கள்.

உணவு: 250 மில்லிலீட்டர் தண்ணீரில் கடற்பாசித் தூள் 2.5 கிராம், ரவை 20, சீனி 15, உலர் ஈஸ்ட் 4 கிராம் போட்டு, கிளறியபடி 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். சற்று ஆறியதும் ஒரு தேக்கரண்டி வினாகிரி சேர்த்து, ஜாம் போத்தலில் இரு விரல் உயரத்துக்கு ஊற்றுங்கள். ஆவி முழுதும் போகும்வரை துணியால் மூடி, பிறகே ஈயை விடுங்கள். மூடுபனிக் காலத்தில் இதில் அவசரப்பட்டால் கண்ணாடியில் நீர் கோத்து ஈ ஒட்டிச் சாகும், பூஞ்சணமும் பிடிக்கும்.

கனிந்த வாழைப்பழத்தில் பிடித்த ஈக்களில் பல இனம் கலந்திருக்கலாம். அதனால் போத்தலுக்கு ஒரு தாய் ஈ மட்டும் விட்டு வளர்ப்பதே நல்லது.

பிரிக்கும்போது, ஈக்களை உலர்ந்த குப்பியில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உறைகுளிர் அறையில் 3 நிமிடம் வையுங்கள். அதிகம் வைத்தால் எழும்பாது. பனிக்கட்டிமேல் வைத்த தட்டில் கொட்டி, 10 மடங்கு வில்லையால் முன்னங்காலைப் பாருங்கள். சீப்புப் பல்போல கறுப்பு மயிர் வரிசை இருந்தால் ஆண். வயிற்று நுனிக் கறுப்பை மட்டும் நம்பாதீர்கள்: புதிதாய் வந்த ஆணும் வெளிறித்தான் இருக்கும்.

விரும்பிய ஆணோடு கலப்புச் செய்ய, இன்னும் இணைசேராத கன்னிப் பெண் ஈ வேண்டும். பழைய ஈ எல்லாவற்றையும் வெளியேற்றி, 25 பாகையில் 8 மணித்தியாலத்துக்குள், 18 பாகையில் 16 மணித்தியாலத்துக்குள் புதியவற்றைப் பிரித்துவிடுங்கள். இங்கே நம் குளிர் உதவிக்கு வருகிறது. மாலையில் காலிசெய்தால் காலையில் எடுக்கலாம்.

ஏன் ஆண், ஏன் பெண்? மனிதரைப்போல வை (Y) நிறமூர்த்தம் இதைத் தீர்மானிப்பதில்லை. எக்ஸ் (X) நிறமூர்த்தம் எத்தனை என்பதே கணக்கு. ஒரு எக்ஸ் மட்டும் உள்ள, வை இல்லாத ஈயும் ஆண்தான், ஆனால் மலடு. இரண்டு எக்ஸோடு வையும் இருந்தால் பெண். 25 பாகையில் முட்டை இட்டு முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் இந்தக் கணக்கு முடிந்துவிடும். அப்போது முட்டைக்குள் கலக்கருக்கள், இடையில் மென்சவ்வு இல்லாமலே 13 தடவை பிரிந்திருக்கும். எக்ஸ் இரண்டானால் செக்ஸ்-லீதல் மரபணு இயங்கி, அதன்வழி ட்ரான்ஸ்போர்மர், டபிள்செக்ஸ் ஆகிய மரபணுக்களும் பெண் வழிக்குத் திரும்பும்.

குளிர் அதிகமானால் ரெஜிபோம் பெட்டிக்குள் சிறிய பல்பு வைக்கலாம். வெப்பமானி கட்டாயம், 30 பாகையில் தொடர்ந்து வளர்ந்தால் ஆண்கள் மலடாகிவிடும்.