புவெனஸ் ஐரிஸில் ஒயின்: பீட்சா கடையில் தொடங்குங்கள்

புவெனஸ் ஐரிஸுக்கு வருகிற நண்பர்கள் இறங்கியதும் கேட்பது, "நல்ல ஒயின் பார் ஒன்று சொல்லேன்" என்பதுதான். முதல் ஓரிரு நாள் ஒயின் பார் பக்கமே போகாதே என்பேன். முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் காரணம் இருக்கிறது. இந்த ஊரில் ஒயின் குடிப்பதற்கென்றே ஓர் இடம் என்பது சமீபத்திய வழக்கம். ரெக்கோலேத்தா பக்கம் லிபெர்தாத் தெருவில் மாடிப்படி ஏறிப் போகிற கிரான் பார் தான்சோன் 1998இல் திறந்தது. ஒயின் பார்களில் அதுதான் இங்கே பெரியண்ணன். அதற்கு முன் பல தலைமுறைகளாக ஒயின் சாப்பாட்டு மேஜையில் தண்ணீரோடு தண்ணீராக இருந்த பொருள். 1970இல் அர்ஜென்டினாவில் ஆளுக்கு வருடத்துக்கு 90 லிட்டருக்கு மேல் குடித்திருக்கிறார்கள். இப்போது 20 லிட்டர்கூட இல்லை. குறைவாகக் குடிக்கிறார்கள், பார்த்துக் குடிக்கிறார்கள். இந்த மாற்றம் புரியாமல் நேராகப் போய் உட்கார்ந்தால், நீளமான மெனுவைப் பார்த்து மிரண்டு, தெரிந்த ஒரே பெயரான மால்பெக் என்ற சிவப்பு ஒயினைக் காட்டிவிட்டு எழுந்து வர வேண்டியதுதான்.

நான் கம்பெனி வேலையாக வந்து அல்மாக்ரோவில் வாடகைக்கு இருக்கிறேன். என் தெருவுக்குப் பக்கத்தில் ஓடும் சுப்தே, அதாவது மெட்ரோவின் பி லைன், கொரியென்தெஸ் சாலைக்கு அடியிலேயே ஊரின் நடுவிலிருந்து மேற்கே போகிறது. நான் சொல்லப்போவதில் பெரும்பாலானவை இந்த ஒரே லைனில் முடிந்துவிடும். சூபே என்ற பயண அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.

நின்றுகொண்டு ஒரு கிளாஸ் மொஸ்காதோ

உருகுவாய் ஸ்டேஷனில் இறங்கினால் கொஞ்ச தூரத்திலேயே குவெரின். 1932இலிருந்து இருக்கும் பீட்சா கடை. உள்ளே உட்கார்ந்து சாப்பிட வரிசை நிற்கும், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். வாசலை ஒட்டிய கவுண்டரில் நின்று சாப்பிடுங்கள். முதலில் கல்லாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும், பிறகு சீட்டைக் கவுண்டரில் நீட்ட வேண்டும். ஒரு துண்டு ஃபுகாசெத்தா, ஒரு துண்டு ஃபைனா, ஒரு கிளாஸ் மொஸ்காதோ.

ஃபுகாசெத்தா வெங்காயமும் சீஸும் மட்டும் போட்ட பீட்சா, தக்காளி கிடையாது. ஃபைனா கடலை மாவைக் கரைத்துத் தட்டில் ஊற்றி அடுப்பில் வேகவைப்பது, ஜெனோவாவிலிருந்து வந்த இத்தாலியர்கள் கொண்டுவந்தது. அதைப் பீட்சாவின் மேலேயே வைத்துக் கடிப்பார்கள். "அ கபாஷோ" என்று கேட்டால் அப்படியே வைத்துத் தருவார்கள். மொஸ்காதோ குளிர்ந்த இனிப்பு ஒயின், சாதாரண ஒயினைவிடச் சற்றுக் காட்டம். வெங்காயமும் உருகிய சீஸும் நாக்கில் படிந்திருக்கும்போது அந்த இனிப்பு இறங்கினால் இரண்டாவது துண்டுக்கு வயிற்றில் தானாக இடம் வரும். பக்கத்தில் நிற்பவர் கோட்டு சூட்டு வக்கீலாக இருப்பார், அவருக்கு அடுத்தவர் டாக்ஸி டிரைவராக இருப்பார். பத்து நிமிடத்தில் எல்லாரும் குடித்து முடித்துக் கிளம்பிவிடுவார்கள். இதுதான் முதல் பாடம்.

பென்குயினும் சோடாவும்

இரண்டாவது பாடத்துக்கு மதியச் சாப்பாட்டு நேரம் வேண்டும். பேட்டைக்கு ஒரு போதெகோன், அதாவது பழைய பாணிச் சாப்பாட்டுக் கடை, இருக்கும்: பெரிய தட்டு, ட்யூப்லைட் வெளிச்சம், வெள்ளைச் சட்டை போட்ட வயதான சர்வர்கள். பேர் பெற்றதைத் தேடி ஊரின் மறுகோடிக்குப் போகத் தேவையில்லை. மதியம் ஒன்றரைக்கு உள்ளூர்ப் பெரியவர்களால் நிரம்பியிருக்கும் எதுவும் சரி. "வீனோ தே லா காசா" என்று கேளுங்கள், கடையின் சொந்த ஒயின். கால், அரை, முழு லிட்டர் என அளவில் வரும். பழைய வழக்கத்தை விடாத கடைகளில் அது பென்குயின் வடிவப் பீங்கான் ஜக்கில் வரும், அலகு வழியாக ஊற்றுவார்கள். அதன் பெயரும் பிங்குவினோதான்.

கூடவே சோடா சைஃபன் கேளுங்கள். கிளாஸில் முக்கால் வரை ஒயின், மேலே சைஃபனை அழுத்தி ஒரு பீய்ச்சல். ஒயினைக் கெடுக்கிறோமோ என்று கூச்சப்பட வேண்டாம். என் வீட்டு ஓனரம்மா எழுபதைத் தாண்டியவர், ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் இப்படித்தான் குடிப்பார்; வெயில் அதிகமானால் இரண்டு ஐஸ் கட்டியும் விழும். "விலை அதிகமான ஒயினில் மட்டும் செய்யாதே" என்பார், அவ்வளவுதான் விதி. அதே அம்மா தர்பூசணி சாப்பிட்ட அன்று ஒயினைத் தொட மாட்டார். தர்பூசணியும் ஒயினும் சேர்ந்தால் வயிற்றில் கல்லாகிவிடும், ஆள் போய்விடுவான் என்று இங்கே பெரியவர்களிடம் ஒரு பலமான நம்பிக்கை. பேரன் சிரிப்பான். ஆனால் அவர் வீட்டு மேஜையில் இரண்டையும் சேர்த்து நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் ஏழு மணிவாக்கில் வெர்மூ. மூலிகை ஊறவைத்த ஒயின், அதிலும் சோடா, ஒரு ஆரஞ்சுத் துண்டு, பக்கத்தில் ஆலிவ். பி லைனிலேயே தோரெகோ ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் லா ஃபுவெர்சா. மெந்தோசா ஒயினையும் ஆண்டீஸ் மலை மூலிகைகளையும் வைத்துத் தாங்களே தயாரிக்கிறார்கள்: சிவப்புக்கு மால்பெக் திராட்சை, வெள்ளைக்குத் தொரொந்தேஸ் திராட்சை. குழாயிலிருந்து பிடித்துத் தருவார்கள். அங்கே ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ராத்திரி வேலை இருக்கிறது.

இப்போது ஒயின் பார்

எட்டரைக்கு முன் போனால் காலியாக இருக்கும். அது உங்களுக்கு நல்லது, ஊற்றுபவர் நின்று பேசுவார். ஒன்பதரைக்கு மேல் யாருக்கும் பேச நேரமிருக்காது. திங்கட்கிழமை பல இடங்கள் மூடியிருக்கும்.

எங்கே போவது? மாலாபியா ஸ்டேஷனில் இறங்கினால் வீஷா கிரெஸ்போ. அங்கிருந்து வடக்கே நடந்தால் பலேர்மோ. வீஷா கிரெஸ்போவில் வீக்கோ என்று ஒரு பார், மெஷினில் அட்டையைச் செருகி அளவைத் தேர்ந்தெடுத்து நீங்களே ஊற்றிக்கொள்ளலாம். ஒரு வாய் அளவுகூட உண்டு. வாயைத் திறக்கக் கூச்சப்படுபவர்களுக்கு அது வசதி. எனக்கு என்னவோ மெஷினோடு குடிப்பது பிடிப்பதில்லை. பலேர்மோவில் கொர்ரீத்தி தெருவில் பான் எ வீன் இருக்கிறது, புளிக்கவைத்த மாவில் சுட்ட ரொட்டியும் சின்னச் சின்னத் தயாரிப்பாளர்களின் ஒயினும். பகலிலேயே உட்காரலாம் என்பதால் முதல்முறை வருபவர்களை நான் அங்கே அனுப்புவேன்.

பாட்டில் வாங்காதீர்கள். "போர் கோபா" என்று மெனுவில் இருக்கும் பக்கம்தான் உங்களுக்கு, அதாவது கிளாஸ் கணக்கு. முதல் கிளாஸ் தொரொந்தேஸ். "உனா கோபா தே தொரொந்தேஸ், போர் ஃபவோர்" என்றால் போதும். வடக்கே சால்தா மாகாணத்தில், கஃபஷாதே என்ற ஊரைச் சுற்றி சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் விளைவது இதற்குப் பேர் போனது. முகர்ந்தால் மல்லிகையும் திராட்சைப் பழமும். இனிக்கப் போகிறது என்று மூக்கு சொல்லும். வாயில் வைத்தால் இனிப்பே இருக்காது, சுள்ளென்று உலர்ந்து இறங்கும். அர்ஜென்டினாவில் முதன்முதலில் ஒயின் தயாரிப்பு நிபுணர் பட்டம் பெற்ற பெண் சுசானா பால்போ, 1981இல். அவர் பெயரைத் தூக்கி நிறுத்தியதும் பெரும்பாலும் இந்தத் திராட்சைதான். நல்லெண்ணெய்க் காரக் குழம்புக்குப் பழகிய நாக்குக்கு இந்த வெள்ளை ஒயின் சீக்கிரம் ஒத்துப்போகும் என்பது என் அனுபவம்.

அடுத்ததுதான் முக்கியமான பயிற்சி. இரண்டு மால்பெக் ஒரே நேரத்தில் கேளுங்கள், அரை அரை கிளாஸ்: "மேதியா கோபா". ஒன்று லுஹான் தே குயோவிலிருந்து, இன்னொன்று ஊகோ பள்ளத்தாக்கிலிருந்து, முடிந்தால் அதிலேயே குவால்தாஷாரியிலிருந்து. இரண்டும் மெந்தோசா மாகாணம்தான், இரண்டும் ஒரே திராட்சைதான். 1853இல் மிஷேல் பூஷே என்ற பிரெஞ்சு விவசாய நிபுணர் கொண்டுவந்து நட்ட வகை. இங்கே நன்றாக வேரூன்றிவிட்டது. லுஹான் தே குயோ ஏறக்குறைய 1,000 மீட்டர். குவால்தாஷாரி தோட்டங்கள் 1,200இல் தொடங்கி 1,500 வரை ஏறும். மழை இரண்டுக்கும் சொற்பம், ஆண்டீஸில் உருகும் பனிதான் வாய்க்கால் வழியாக வருகிறது. மேலே போகப் போக வெயில் உறைக்கும், அதனால் தோல் தடிக்கும், நிறம் கறுக்கும். ராத்திரியில் குளிர் இறங்குவதால் பழத்தின் புளிப்பு தங்கிவிடும்.

சரி, இது கிளாஸில் எப்படித் தெரியும்? லுஹான் தே குயோ கிளாஸைக் குடித்தால் பழுத்த பிளம்ஸ், மெத்தென்று இருக்கும், நாக்கின் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். குவால்தாஷாரி கிளாஸில் முதலில் பூ வாசம், அப்புறம் நாக்கின் இரண்டு பக்கமும் எச்சில் ஊறும், அதுதான் புளிப்பு. விழுங்கிய பிறகு ஈறில் சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு துவர்ப்பு நிற்கும். அந்த மண்ணிலும் சுண்ணாம்பு படிந்த கற்கள் உண்டு. இரண்டையும் மாற்றி மாற்றி நாலு முறை குடியுங்கள், நடுவில் ஒரு துண்டு ரொட்டி. இந்த வித்தியாசம் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் மெனுவில் ஊர்ப் பெயர்களெல்லாம் பேச ஆரம்பிக்கும். பின்பக்க லேபிளில் "எம்.எஸ்.என்.எம்." என்று ஓர் எண்ணோடு போட்டிருந்தால் அது கடல் மட்டத்திலிருந்து உயரம், மீட்டரில். நான் விலையைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்பேன்.

ரெசெர்வா, கிரான் ரெசெர்வா என்பதில் மயங்க வேண்டாம். சிவப்பு ஒயினை ஓராண்டு வைத்திருந்தால் முதலாவது, இரண்டாண்டு வைத்திருந்தால் இரண்டாவது. வெள்ளைக்கு அதில் பாதி. வைத்திருந்த காலம்தான் கணக்கு, ருசிக்கு அது உத்தரவாதம் இல்லை.

மூன்றாவது கிளாஸ் உண்டென்றால் மால்பெக் வேண்டாம். ஊற்றுபவரிடமே விட்டுவிடுங்கள், ஆனால் திராட்சையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: கபெர்னே ஃபிராங்க், போனார்தா அல்லது கிரியோஷா. கடைசியாகச் சொன்னது ஸ்பானியர்கள் முதலில் கொண்டுவந்த பழைய வகை. வெளிர் சிவப்பு, லேசானது. ரொம்ப காலம் மட்டமான ஒயினுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்ததை இப்போது இளம் தயாரிப்பாளர்கள் திரும்பக் கையில் எடுத்திருக்கிறார்கள். "கிரியோஷா இருக்கிறதா?" என்று ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்டால் ஊற்றுபவரின் முகமே மாறும். மெனுவில் இல்லாத ஒரு பாட்டில் கீழேயிருந்து வருவதை இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி வெயிலில் சிவப்பு ஒயின் வெதுவெதுப்பாக வந்தால் "உனா ஃபிராபேரா" கேளுங்கள், ஐஸ் வாளி. பத்து நிமிடம் வைத்தால் போதும், இங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வெறும் வயிற்றோடு எதையும் தொடங்காதீர்கள். பிகாதா என்று சீஸ், ஆலிவ், உலர்ந்த இறைச்சி வைத்த பலகை வரும். சைவர்கள் "சின் கார்னே", அதாவது இறைச்சி வேண்டாம், என்று மட்டும் சொல்லி நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஹாமும் கோழியும் பலருக்குக் கார்னே கணக்கில் வராது. "சின் ஹமோன், சின் போஷோ" என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். சோமாஸ் மாதிரியான எம்பனாதாவில் சோளம் வைத்த உமீத்தாவைக் கேட்கலாம், மாவில் மாட்டுக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு. தணலில் வாட்டிய ப்ரோவோலேத்தா சீஸ் இருந்தால் வேறெதுவும் வேண்டாம். அதன்மேல் தூவிய ஓரிகானோவும் மால்பெக்கும் நல்ல கூட்டணி.

பில்லில் "குபியெர்தோ" என்று ஆளுக்கு ஒரு தொகை இருந்தால் அது ரொட்டிக்கும் மேஜைக்கும், டிப்ஸ் அல்ல. டிப்ஸ் பத்து சதவீதம், ரொக்கமாக. விலை எதையும் இங்கே நான் எழுதவில்லை. பெசோ கணக்கு நான் எழுதி நீங்கள் படிப்பதற்குள் மாறியிருக்கும். சுப்தே ராத்திரி சீக்கிரமே நின்றுவிடும், திரும்பும்போது டாக்ஸிதான்.

ஏப்ரலில் வருபவர்கள் 17ஆம் தேதியை ஒட்டி வந்தால் மால்பெக் தினம். பல பார்களில் வரிசையாக ஊற்றிக் கொடுப்பார்கள், கூட்டமும் இருக்கும். கூட்டம் எனக்கு ஆகாது என்பதால் அந்த வாரம் நான் போதெகோனில் இருப்பேன்.

ஊருக்கு எடுத்துப்போக பாட்டில் வேண்டுமென்றால் விமான நிலையத்தில் வாங்காதீர்கள். வீனோதெகா என்கிற ஒயின் கடைகளில் குடித்துப் பார்த்ததன் பெயரை போனில் படமெடுத்துக் காட்டினால் எடுத்துத் தருவார்கள். இந்தியாவுக்குள் தீர்வை இல்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர்தான் அனுமதி. முழு பாட்டில் 750 மில்லி என்பதால் இரண்டு முழு பாட்டிலும் ஒரு 375 மில்லி அரை பாட்டிலும் அடங்கும். குவால்தாஷாரி மால்பெக் ஒன்று, கபெர்னே ஃபிராங்க் ஒன்று, அரை பாட்டிலில் கிடைப்பது எதுவோ அது. தொரொந்தேஸ் வேண்டாம், இளசாகக் குடிக்க வேண்டிய ஒயின் அது, சென்னை வெயிலில் அலமாரியில் தாங்காது. பாட்டில்களை ஜீன்ஸ் கால்களுக்குள் ஒவ்வொன்றாகச் செருகி, பெட்டியின் நடுவில் வைத்து, செக்-இன்னில் போட்டுவிடுங்கள்.