பீநட் பட்டர்: சும்மா இருக்க முடியாமல் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டில் நாலு பேர். சாப்பாட்டு விஷயத்தில் நாலு பேரும் ஒத்துப்போவது பீநட் பட்டரில் மட்டும்தான். அதிலும் பெரியவளுக்கு வழவழவென்று இருக்க வேண்டும். சின்னவனுக்குக் கடலைத் துண்டு பல்லில் அகப்பட வேண்டும். மனைவிக்கு ரொட்டிகூட வேண்டாம், கரண்டி போதும். வாரம் ஒரு ஜாடி காலியானதும் நானே அரைத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன். முதல் மூன்று தடவையும் கெட்டுப்போனது. மூன்று தடவையும் காரணம் ஒன்றுதான்: மிக்ஸி பாட்டுக்கு அரைத்துக்கொண்டிருக்க, நான் சும்மா இருக்க மாட்டாமல் எதையாவது சேர்த்தேன்.

வறுத்த வேர்க்கடலையை மிக்ஸியில் போட்டால் முதலில் மணல் மாதிரி பொடியாகும். அப்புறம் பொடி திரண்டு, ஒரு கட்டியாகி, ஜாரின் சுவரில் மோதிக்கொண்டு சுற்றும். பார்க்கவே நம்பிக்கை போய்விடும். 'இது தளராது' என்று மனசு சொல்லும் இடம் இதுதான். எண்ணெய்ப் பாட்டிலுக்கோ தண்ணீர்க் குவளைக்கோ கை நீளும் இடமும் இதுதான். இரண்டும் வேண்டாம். கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அது செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. பிளேடு அந்தச் சுவர்களை உடைக்க உடைக்கத்தான் வெளியே வரும். ஓரத்தை வழித்துவிட்டு, ஒரு நிமிடம் ஓட்டி, கொஞ்சம் ஓய்வு கொடுத்து, மறுபடி ஓட்டுங்கள். மிக்ஸியின் வலுவைப் பொறுத்து ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஆகும். பிறகு திடீரென்று, யாரோ மந்திரம் போட்ட மாதிரி, கட்டி உடைந்து பளபளப்பாக ஓடத் தொடங்கும். நடுவில் மோட்டாரிலிருந்து வாசம் வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். அவசரப்பட்டு ஒரு மோட்டாரைக் கருக்கியவன் சொல்கிறேன்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சமையலில் கெட்டியானதைத் தளர்த்தத் தண்ணீர் விடுவோம். கை அப்படிப் பழகிவிட்டது. பீநட் பட்டரில் நடப்பது தலைகீழ். இதில் கடலைத் துகள்கள் எண்ணெயில் மிதக்கின்றன. நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தால், துகள்களில் உள்ள புரதமும் மாவுச்சத்தும் அதைக் கவ்விக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குழம்பு மாதிரி இருந்தது களிமண்ணாகும். உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் இறுகிப்போகிறதே, அதே கதைதான். ஈரம் சேர்ந்தது சீக்கிரம் பூசணமும் பிடிக்கும்.

தேனும் இந்தக் கணக்கில் தண்ணீர்தான். அதன் எடையில் 17, 18 சதவீதம் தண்ணீர். 'ஆரோக்கியமாக இருக்கட்டும்' என்று மிக்ஸிக்குள்ளேயே தேனை ஊற்றினால் ஓடிக்கொண்டிருந்தது பந்தாகிவிடும். உருண்டை பிடிக்கப் போகிறீர்கள் என்றால் அந்த இறுக்கம் உதவும்; தடவிச் சாப்பிட வேண்டுமென்றால் தேனைத் தட்டில் விட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கும் உப்புக்கும் வேறு பிரச்சினை. இரண்டும் எண்ணெயில் கரையாது. பரபரவென்ற சர்க்கரையைப் போட்டுவிட்டு 'இன்னும் கொஞ்சம் அரைத்தால் கரைந்துவிடும்' என்று காத்திருந்தால் கடைசிவரை நறநறக்கும். முதலிலேயே பொடித்துச் சேருங்கள்.

வறுப்பதில் உள்ள தவறு நேரம் பற்றியது. ஓவனில் 175 டிகிரி செல்சியஸில், தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, 10 முதல் 15 நிமிடம். நடுவில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். நீங்கள் விரும்பும் நிறம் வரும்வரை உள்ளேயே வைத்திருந்தால் தாமதம்தான், ஏனென்றால் வெளியே எடுத்த பிறகும் கடலை தன் சூட்டிலேயே கொஞ்சம் வறுபடும். ஒரு சாயல் முன்னதாகவே எடுத்துவிடுங்கள். கருகல் கசப்பை எந்தத் தித்திப்பும் மறைக்காது. ஆவி பறக்கும்போதே மிக்ஸியில் போட்டு மூடாதீர்கள். முழுதாக ஆறவும் விடாதீர்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பில் அரைத்தால் எண்ணெய் எளிதாக விடும்.

இதற்கெல்லாம் முந்தைய ஒரு வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கடலையைப் பொறுக்குவது. சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பூத்தது எல்லாம் குப்பைக்கு. 'வறுக்கத்தானே போகிறோம், சரியாகிவிடும்' என்பது ஆபத்தான நினைப்பு. கடலையில் வளரும் ஒருவகைப் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். கல்லீரலைத் தாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப்போனால் அவற்றின் தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் முடிந்தது. அஃப்ளடாக்சினை உலகம் கண்டுகொண்டது அப்படித்தான். வறுக்கும் சூட்டில் அது ஓரளவு குறையுமே தவிர ஒழியாது. வாயில் போட்ட கடலை கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

ஜாடிக்குள் நடப்பது

இரண்டு நாளில் மேலே எண்ணெய் மிதக்கும். கெட்டுப்போனது என்று என் அம்மா ஒருமுறை முழு ஜாடியையும் கொட்டிவிட்டார். கெடவில்லை, வீட்டில் அரைத்ததன் இயல்பே அது. கடையில் வாங்குவதில் பலவற்றில் அப்படிப் பிரியாமல் இருப்பதற்குக் காரணம், 1920-களின் தொடக்கத்தில் ஜோசப் ரோஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த முறை: எண்ணெயில் ஒரு பகுதியை ஹைட்ரஜன் சேர்த்து இறுக வைப்பது. நம்மிடம் அது இல்லை, கரண்டி இருக்கிறது. மேலே நிற்கும் எண்ணெயை 'கொழுப்பு குறையட்டும்' என்று வடித்துவிடுவதுதான் பெரிய தவறு. அடியில் மிஞ்சுவது சிமெண்ட். ஜாடியைத் தலைகீழாக ஒரு ராத்திரி வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்; பிறகு கிளறி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுபடி பிரிவதும் மெதுவாகும், காறலெடுப்பதும் தள்ளிப்போகும். பெயின்ட் மாதிரியோ பழைய எண்ணெய் மாதிரியோ வாடை வந்தால் அதுதான் காறல்.

ஈரக் கரண்டி, ரொட்டித்தூள் ஒட்டிய கத்தி, நக்கிய கரண்டி. இந்த மூன்றையும் எங்கள் வீட்டில் சட்டம் போட்டுத் தடுக்கப் பார்த்துத் தோற்றேன். இப்போது பெரிய ஜாடியை விட்டு ஆளுக்கொரு சின்ன ஜாடி. பஞ்சாயத்தும் குறைந்தது.

தின்பண்டங்கள்

ஒரு கப் பீநட் பட்டர், ஒரு கப் சர்க்கரை, ஒரு முட்டை. மாவே இல்லாத குக்கி. 175 டிகிரியில் பத்து நிமிடம். இவ்வளவு எளிய பண்டத்தில் எப்படித் தவறு செய்வது என்று கேட்கலாம். செய்தேன். ஜாடியைக் கிளறாமல் மேலாக எடுத்ததால் எண்ணெய் மட்டும் அதிகமாகி, தட்டு முழுக்க ஒரே தோசையாகப் பரவியது. கடையில் வாங்கியது கெட்டி, வீட்டில் அரைத்தது தளர்வு; ஒன்றுக்கான அளவு மற்றதற்கு அப்படியே பொருந்தாது. வீட்டுப் பீநட் பட்டரில் செய்தால் பிசைந்ததை அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு உருட்டுங்கள். முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாக அழுத்துவதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இந்தப் பிசைவு கனமானது, தானாகப் படியாது; தட்டையாக்கினால்தான் நடுவும் ஓரமும் ஒன்றாக வேகும். சூடாக இருக்கும்போதே தட்டிலிருந்து எடுத்தால் உதிர்ந்துவிடும். பத்து நிமிடம் பொறுக்க வேண்டும்; எங்கள் வீட்டில் அதற்குள் இரண்டு குக்கியாவது காணாமல் போகும்.

பிசைந்த கிண்ணத்தை வழித்து நக்கும் உரிமைக்குப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். பச்சை முட்டை ஆகாது என்பது பலருக்கும் தெரியும். கோதுமை மாவு சேர்த்த பிசைவு என்றால் பச்சை மாவிலும் கிருமி இருக்கலாம் என்பது தெரியாது. நக்கத்தான் வேண்டும் என்றால், இரண்டும் இல்லாத ஓட்ஸ் உருண்டை செய்து கொடுங்கள்.

யாருக்குக் கொடுக்கிறோம்

வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது ஊரில் எல்லோருக்கும் ஆகும் என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் திருத்த முடியாத விளைவுள்ள தவறு. கடலை ஒவ்வாமை உயிரைப் பறிக்கக்கூடியது. வறுத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது. பிள்ளைகளின் நண்பர்கள் வரும் அன்று, தட்டை நீட்டும் முன்பே அவர்கள் வீட்டில் கேட்டுவிடுங்கள். சாப்பிட்ட கையைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும். கடலைப் புரதத்தை நீக்காது.

ஒவ்வாமைக்குப் பயந்து கைக்குழந்தைக்குக் கடலையே காட்டாமல் இருப்பதும் பழைய தவறுதான். ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை 4 முதல் 11 மாத வயதில் சேர்த்து, ஒரு பாதிக்குக் கடலை உணவு கொடுத்தார்கள், மறு பாதிக்குத் தவிர்த்தார்கள். தொடக்கத் தோல் பரிசோதனையில் ஒவ்வாமை காட்டாத குழந்தைகளில், தவிர்த்தவர்களில் 13.7 சதவீதத்தினருக்கு ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை இருந்தது, சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதத்தினருக்குத்தான். கடுமையான எக்ஸிமா என்ற தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தையென்றால் நீங்களாகத் தொடங்காமல் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

கொடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். கரண்டி நிறையக் கட்டியாக வாயில் வைத்தால் குழந்தையின் தொண்டையை அடைத்துவிடும். வெந்நீரிலோ குழைத்த பழத்திலோ நன்றாக நீர்க்கக் கரைத்துக் கொடுங்கள். சொட்டுத் தண்ணீருக்கு இறுகுவது, கணிசமாக விட்டுக் கலந்தால் தளர்ந்துவிடும். முழுக் கடலையும் துண்டுக் கடலையும் நாலைந்து வயதுவரை வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் கொடுக்கக் கூடாது. பாட்டுலிசம் என்ற நோய்க்கான கிருமி வித்துகள் தேனில் இருக்கலாம்.

கடைசியாக நாய். மேசைக்கடியில் உட்கார்ந்து கண்ணாலேயே கேட்கும். கொஞ்சம் கொடுக்கலாம், ஆனால் கடையில் வாங்கியதென்றால் லேபிளைப் படித்துவிட்டுக் கொடுங்கள். சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த பீநட் பட்டர்கள் உண்டு. மனிதர்களுக்கு அது நஞ்சல்ல. நாய்க்கு அரைமணி நேரத்துக்குள்ளேயே ரத்தச் சர்க்கரை அபாயகரமாகச் சரியலாம்; அளவு கூடினால் கல்லீரல் பழுதாகும். சாப்பிட்டுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.